அடுத்த கேலக்ஸிக்கு ரெண்டு மாசம்

நான் வெளிநாட்டு சீரியல்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுகிறவள். சென்னையில் இருக்கும் ஒரு ஸ்டூடியோ, வீடியோவையும் இங்கிலீஷ் வசனத்தையும் அனுப்பிவைக்கும். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. மாடி ரூமில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, நடிகரின் வாய் அசைவுக்கு ஒட்டிவருகிற மாதிரி தமிழில் எழுதி அனுப்புவேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு வரும். ஒரு தடவை மவுஸைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க்மேல் வைத்து அரைமணி நேரம் ஆராய்ந்தது.

பார்க்கிறவர்களுக்கு இது சும்மா மொழிபெயர்ப்பு மாதிரி தெரியும். ஆனால் திரையில் இருக்கும் ஆள் உதட்டை மூடுகிற இடத்தில் தமிழிலும் ஒரு 'ப'வோ 'ம'வோ விழவேண்டும். அவன் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது என் வாக்கியம் முடிந்துவிடக் கூடாது. அதனால் யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் எங்களுக்குக் கொண்டாட்டம். உதடு தெரியாது, என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் வீட்டில் யாரும் வேலை என்று எடுத்துக்கொள்ளவில்லை. முக்கியமாக என் வீட்டுக்காரருடைய அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நேர் வகிடு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, பேச்சில் ஒரு வார்த்தை ஜாஸ்தி இருக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் அவர் பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "அவன் வந்துட்டானா", "வரேன்" இந்த மூன்றுதான். என்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வது இன்னொன்று: "அவ வீட்ல சும்மாதான இருக்கா, படம் பாத்துக்கிட்டு."

அந்தச் சித்திரையில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம் எங்கள் ஊரில் போட்டார்கள். வெயிலில் தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து போக வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் வற்புறுத்தி அண்ணியை எங்கள் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்போதுதான் கையில் ஒரு பெரிய வேலை வந்திருந்தது. விண்வெளி சீரியல். ஒரு கப்பல், ஒரு கேப்டன், அவனோடு ஏழெட்டுப் பேர். பூமியில் கேப்டனின் சின்ன மகள். நம் கேலக்ஸியில் வேலை முடிந்து அடுத்த கேலக்ஸிக்குக் கிளம்புகிறார்கள். முதல் நாலு எபிசோட் வந்திருந்தது. மீதி பிறகு வரும்.

சித்ரா பௌர்ணமி அன்று அண்ணிக்கு லீவு. ஊருக்குப் போகலாமென்றால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தெருமுனை வரைக்கும் கிரிவலம் வந்த கூட்டம். என் வீட்டுக்காரர் நண்பர்களோடு கிரிவலம் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எவ்வளவு நேரம்தான் ஹாலில் தனியாக உட்கார்ந்திருப்பார்? மாடிக்கு வந்து என் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

நான் எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது வழக்கம். அன்றைக்குக் கூச்சத்தோடு படித்தேன். "இந்தப் போர் முடிய இன்னும் பத்து ஒளியாண்டு ஆகும், கேப்டன்."

பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அவர் சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"என்ன அண்ணி?"

"ஒளியாண்டுன்றது தூரம்மா. வெளிச்சம் ஒரு வருஷத்துல எவ்ளோ தூரம் போகுமோ அவ்ளோ தூரம். நான் சாப்ட்டு அறுபது கிலோமீட்டர் ஆச்சுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இங்கிலீஷில் வெறும் 'ரொம்ப வருஷம்' என்றுதான் இருந்தது. விண்வெளி வாசனைக்காக நான்தான் ஒளியைச் சேர்த்திருந்தேன். அடித்துத் திருத்தினேன். அண்ணி எழுந்து போகவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்தது நட்சத்திர மண்டலம். இங்கிலீஷில் ஒரு சூரியனும் அதன் கிரகங்களும் வந்தாலும் நான் நட்சத்திர மண்டலம் என்று எழுதியிருந்தேன். கேலக்ஸி வந்தாலும் அதேதான்.

"ஏம்மா, ஒரு வீட்டுக்கும் ஒரு நாட்டுக்கும் ஒரே பேரா? புக்குல விண்மீன் திரள்னு போட்டிருக்கோமே."

"அண்ணி, அவன் கேலக்ஸின்னு சொல்றப்ப வாயே மூடல. விண்மீன்ல 'மீ' வருது, மூடிக்கும். நான் போட்ட மண்டலத்துலயும் அதே தப்புதான்."

அண்ணி திரையையே பார்த்தார். அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டச் சொன்னார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவரே உதட்டை அசைத்துப் பார்த்தார். "ஆமாம்மா, மூடல," என்றார், ஆய்வகத்தில் ஒரு ரீடிங் எடுத்த மாதிரி. "அப்ப கேலக்ஸின்னே வச்சிரு."

அன்றைக்குத்தான் நான் சும்மா படம் பார்க்கவில்லை என்பது அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கீழே போய் இரண்டு டம்ளர் மோர் கரைத்துக்கொண்டு வந்தார்.

பிரச்சினை நாலாவது எபிசோடில் வந்தது. கப்பலில் ஒரு தாவல் இன்ஜின் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் இங்கே மறைந்து அங்கே முளைக்கும். அது பழுதாகிவிடுகிறது. கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பி, கண் கலங்க, "சாதாரண இன்ஜினிலேயே போவோம். ரெண்டு மாசம்" என்கிறான்.

"எங்க போக?" என்றார் அண்ணி.

"அடுத்த கேலக்ஸிக்கு."

"ரெண்டு மாசத்துலயா?"

நான் தோசை ஊற்றும் நேரமாகிவிட்டதால் விவாதம் அடுப்படிக்கு மாறியது. அண்ணி தோசைக்கல்லைக் காட்டினார். "இதுதான் நம்ம கேலக்ஸின்னு வச்சுக்க. இந்த ஓரத்துலருந்து அந்த ஓரத்துக்கு வெளிச்சம் போகவே லட்சம் வருஷம். இதே சைஸ்ல, இதைவிடக் கொஞ்சம் பெருசா இன்னொரு கல்லு. அதான் ஆண்ட்ரோமீடா. அது எங்க இருக்கும் தெரியுமா?"

"விழுப்புரத்துலயா?"

"நம்ம தெருக் கேட்டுல."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அடுப்படியிலிருந்து கேட் இருபத்தைந்து அடி இருந்தால் ஜாஸ்தி. "அவ்ளோதானா? அப்ப பக்கம்தான அண்ணி?"

"அதுங்க சைஸுக்குப் பக்கம். நம்ம சைஸுக்குச் சொல்றேன் கேளு. உன் சீரியல்ல இதுவரைக்கும் எத்தனை கிரகத்துக்குப் போனாங்க? அத்தனையும் இந்தக் கல்லுல ஒட்டியிருக்கிற ஒரு மாவுத் தூளுக்குள்ள அடங்கிடும். அதுக்குப் பக்கத்து நட்சத்திரத்துக்குப் போகவே, மனுஷன் இதுவரைக்கும் விட்ட ராக்கெட்டுக்கு எழுபதாயிரம் வருஷம் பத்தாது. கேட் வரைக்கும் போகணும்னா பிரபஞ்சத்தோட மொத்த வயசும் கம்மி."

தோசை கருகியது. கேலக்ஸியைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்ததை ஊற்றினேன்.

"அப்ப போகவே முடியாதா?"

அண்ணி தட்டை இழுத்துக்கொண்டார். சட்னியைத் தொட்டு இரண்டு வாய் சாப்பிட்டார். "முடியாதுன்னு ஃபிசிக்ஸ் சொல்லல. அதான் வேடிக்கை. கப்பலை நிறுத்தாம வேகம் கூட்டிக்கிட்டே போகணும். உள்ள இருக்கிறவங்க தரையில நிக்கிற மாதிரியே கால் ஊணி நிக்கலாம், அந்த அளவுக்கு வேகம் கூட்டினா போதும். பாதி தூரம் போனதும் அதே அளவுல கம்மி பண்ணிக்கிட்டே போகணும். வெளிச்சத்தோட வேகத்தை நெருங்க நெருங்க உள்ள இருக்கிறவங்களுக்கு நேரம் சுருங்கிடும். முப்பது வருஷத்துக்குள்ள போய்ச் சேந்துடலாம். இருபது வயசுல ஏறினா அம்பது வயசுக்குள்ள இறங்கலாம்."

"பெட்ரோலு?"

"அது மட்டும் கிடைக்காது." சிரித்தார். "ஆனா இங்க பூமியில இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஓடியிருக்கும். அந்த ஆளோட பொண்ணு?"

எனக்குக் கையில் தோசைத் திருப்பியோடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெளியே சாரிசாரியாக ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். மலையைச் சுற்றி நடந்து, காலையில் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கேப்டனால் அப்படிப் போக முடியாது. ரெண்டு மாசம் என்று சொல்லிக்கொண்டு அவன் கண் கலங்குவது எனக்குப் பொருத்தமாகவே படவில்லை. இப்படித் திரும்பவே முடியாது என்றால்தானே அழவேண்டும்?

மாடிக்குப் போய் வசனத்தை மாற்றினேன். "சாதாரண இன்ஜின்லயே போவோம். ஒரு ஜென்மம்."

மறுநாள் டப்பிங் டைரக்டர் போன் பண்ணினார். எந்நேரமும் பைக்கில் போய்க்கொண்டே பேசுகிறவர். "மேடம், மாசம்னாலும் வாய் மூடுது, ஜென்மம்னாலும் வாய் மூடுது. பிரமாதம். குரல் குடுத்தவர் அந்த இடத்துல நெஜமாவே அழுதுட்டாரு."

நானும் அண்ணியும் அன்று ராத்திரி பால்கோவா வாங்கிச் சாப்பிட்டோம். முகாம் முடிந்து அவர் ஊருக்குப் போகும்போது "வரேன்" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, நாலாவதாக ஒரு வாக்கியமும் சொன்னார். "அடுத்தது வந்தா போன் பண்ணு."

ஆடி முடியும்போது மீதி எபிசோடுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அண்ணியை வரச்சொல்லி இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஐந்தாவது எபிசோடில் அடுத்த கேலக்ஸிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். யாருக்கும் ஒரு முடி நரைக்கவில்லை. ஆறாவதில் இன்ஜினைச் சரி பண்ணிக்கொண்டு கேப்டன் பூமிக்கு வந்து கதவைத் தட்டுகிறான். அந்தச் சின்னப் பெண், முன்பல் விழுந்த அதே பெண், அதே ஃபிராக்கில் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். மேஜையில் கேக். "என் பர்த்டேக்குச் சொன்னமாதிரியே வந்துட்டியே அப்பா!"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"ஜென்மம் என்னாச்சு?" என்றார் மெதுவாக.

டைரக்டருக்குப் போன் போட்டேன். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் விஷயத்தைப் புரிந்துகொண்டு வண்டியை ஓரம் கட்டினார். அவர் வண்டியை நிறுத்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மேடம், நாலாவது எபிசோட் மிக்ஸிங்கே முடிஞ்சு போச்சு. அதைத் தொட முடியாது. ஏன் மேடம் ஜென்மம்னு போட்டீங்க? ரெண்டு மாசம்னு நல்லா எழுதியிருந்தானே!"

"சார், ரெண்டு மாசத்துல போக முடியாது சார்."

"யாரு சொன்னது?"

"எங்க அண்ணி. ஃபிசிக்ஸ் டீச்சர்."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "சும்மா பேச்சுக்கு ஜென்மம்னு சொன்னான்னு விட்டுடலாமா மேடம்?"

"அவர் அழுதுட்டாருன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"ஆமா, அழுதுட்டாரு," என்றார் பரிதாபமாக. "நாளைக்குள்ள எதாவது பண்ணுங்க. இல்லன்னா என்னைத் தொங்கவிட்டுடுவாங்க."

நல்ல கம்பெனி, நம்பிக் கொடுத்த வேலை. டீச்சர் பேச்சைக் கேட்டு வம்பில் மாட்டிக்கொண்டேனே என்று அண்ணிமேல் கோபமும் வந்தது. அது முகத்தில் தெரிந்திருக்கும். அண்ணி விருட்டென்று எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். கோபித்துக்கொண்டார் போல என்று பின்னாலேயே போனேன். காய்ந்துகொண்டிருந்த என் புடவை ஒன்றைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்.

"இந்த முனையில எறும்பு. அந்த முனையில சர்க்கரை. நடந்து போனா ஆறு கஜம்." பேசிக்கொண்டே கொசுவம் மடிக்கிற மாதிரி விரல்களால் சரசரவென்று மடித்தார். ஒரு நொடியில் முனையும் முனையும் அவர் கைக்குள் ஒட்டிக்கொண்டு நின்றன. "இப்ப? எறும்பு ஒரு எட்டு எடுத்து வச்சா போதும். புடவையைக் கிழிக்கல, எறும்பு ஓடவும் இல்ல. விண்வெளியே இப்படி மடியலாம்னு கணக்குல இடம் இருக்கும்மா. கண்ணால யாரும் பாக்கல. அப்படி ஒரு வழி திறந்தாலும் அது மூடாம நிக்கணும்னா, நம்மகிட்ட இல்லாத ஏதோ ஒரு பொருள் வேணும். ஆனா இடம் இருக்கு."

"அதை எங்க அண்ணி சொல்றது? வாய் ஒத்துப்போகணுமே."

"அந்த ஆள் எங்கயாச்சும் முதுகைக் காட்டுறானான்னு பாரு."

தடதடவென்று கீழே இறங்கி ஓடினோம். ஐந்தாவது எபிசோட் ஆரம்பத்திலேயே இருந்தது! கேப்டன் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கப்பலில் நல்ல காப்பி கிடைக்காததைப் பற்றி ஏதோ புலம்புகிறான். கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத காப்பி. அதைத் தூக்கிவிட்டு எழுத ஆரம்பித்தேன். அண்ணி போனில் நேரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் எழுதுவதும் அவர் படிப்பதும், "நீளமா இருக்கு, வெட்டு" என்பதுமாகச் சாயங்காலம் வரை போனது. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டு, அவரே போய் டீ போட்டுக்கொண்டார்.

கடைசியில் வந்தது இதுதான்: "ஒரு ஜென்மம் ஆகும்னு நெனச்சேன். வெளி மடிஞ்ச இடம் ஒண்ணு நடுவுல கிடைச்சுது. புகுந்து வந்துட்டோம்."

"அதிர்ஷ்டம்னு ஒரு வார்த்தை சேத்துரு," என்றார் அண்ணி.

"நேரம் இடிக்கும் அண்ணி."

"சேத்துரும்மா. அது இல்லாம நான் சம்மதிக்க மாட்டேன். கணக்குப்படி அது அதிர்ஷ்டத்துக்கும் மேல."

சேர்த்தேன். டைரக்டர் படித்துவிட்டு, "மடிப்புன்னா என்ன மேடம்?" என்றார். புடவையைச் சொன்னேன். "எங்க வீட்லயும் ஆறு கஜந்தான், இது தோணலையே," என்று அப்படியே ரெக்கார்டிங் பண்ணிவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீரியலுக்குச் சொந்தக்காரக் கம்பெனியில், தமிழை மறுபடி இங்கிலீஷாக்கிச் சரிபார்க்கிறவர் ஒருவர் இருக்கிறாராம். அவர் கேட்டுவிட்டார். காப்பி எங்கே? இந்த மடிப்பு எங்கிருந்து வந்தது? மூலத்தில் இருக்கிற மாதிரியே மாற்றவேண்டும் என்று கட்டளை. ஆனால் கேப்டனுக்குக் குரல் கொடுத்தவருக்கு அதற்குள் தொண்டை கட்டி, பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு குரலில் ஒரே ஒரு வசனத்தை ஒட்டினால் அசிங்கமாக இருக்கும். தேதி நெருங்கிவிட்டது. காப்பி திரும்பி வரவில்லை. மடிப்பு அப்படியே வெளியாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து அண்ணி பள்ளியிலிருந்தே போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு துள்ளல். "லெவன்த்து பொண்ணுங்க ரெண்டு பேரு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நிக்குதுங்கம்மா. மிஸ், வெளி மடியும்ன்றது நெஜமான்னு கேக்குதுங்க. போன்ல பாத்திருக்காளுங்க. இது எங்க வீட்ல எழுதினதுன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்குறாளுங்க!"

எங்க வீட்ல எழுதினது. போனை வைத்த பிறகும் எனக்கு அதுவே காதில் இருந்தது.

கார்த்திகை தீபத்துக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒருநாள் என்னை ஊருக்கு வரச்சொன்னார். அவர்கள் மணிலாக் கொல்லையில் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மணிலா என்றுதான் பேர்) விளக்கு வெளிச்சம் விழாத ஒரு மூலை இருக்கிறது. ஏழு மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. பள்ளியிலிருந்து ஒரு பைனாகுலர் கொண்டுவந்திருந்தார். வடக்குப் பக்கம், நன்றாக மேலே காட்டினார். கழுத்து வலிக்கத் தேடிய பிறகு ஏதோ தெரிந்தது. கண்ணாடியில் விரல் பட்ட தடம் மாதிரி ஒரு மங்கல்.

"இதுவா அண்ணி?"

"இதேதான். லட்சம் கோடி நட்சத்திரம் இருக்கும்."

துடைத்துவிட்டுப் பார்த்தேன். போகவில்லை. இருபத்தைந்து லட்சம் வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம். அது கிளம்பியபோது இங்கே யாரோ கல்லைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்திருப்பார்கள் என்றார் அண்ணி. கொசு பிடுங்கியது. ஆனாலும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம். இவ்வளவு தூரத்தை அந்தக் கேப்டன் என் வசனத்தை வைத்துக்கொண்டு தாண்டினானே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்த சீரியலின் அடுத்த சீசனை எனக்குத் தரவில்லை. சென்னையில் இருக்கிற வேறு ஒருவருக்குப் போய்விட்டது. டைரக்டர் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார். ஒரு வாரம் மனசே சரியில்லை. பிறகு ஒரு குடும்பக் கதை கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே அபார்ட்மென்டுக்குள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், எந்த இன்ஜினும் இல்லை. நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புது சீசன் வந்த அன்று அண்ணி பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறைய அவித்த மணிலாக்கொட்டை. இந்தத் தடவை எங்களுக்குப் பொறுப்பே இல்லை என்பதால் உரித்துத் தின்றுகொண்டு தாராளமாகக் குறை சொல்ல முடிந்தது. கேப்டன் இப்போது மூன்றாவது கேலக்ஸிக்குக் கிளம்புகிறான். சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்கிறான்.

"சாயங்காலத்துக்குள்ளயாம்!" என்றார் அண்ணி.

"எழுதினவங்க மேல தப்பில்ல அண்ணி, அந்த இடத்துல ஆளு நேரா கேமராவைப் பாத்துட்டான். ஒண்ணும் பண்ண முடியாது."

"அதுக்காக சாயங்காலமா?"

"ச்சூ, பேசாம இருங்க, கிளம்பிட்டாங்க."

அண்ணி என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.